ஊசியில் இல்லாத வகை

1

என் வேலை என்னவென்று எங்கள் ஊரான புத்தளம் தில்லையடியில் யாராவது கேட்டால், "லண்டன் ஆஸ்பத்திரியில பெரிய வேலை" என்று உம்மா சொல்லி முடித்துவிடுவார். நான் இருக்கும் நகரம் லண்டனிலிருந்து ரயிலில் மூன்று மணித்தியாலம் வடக்கே இருக்கிறது. வேலை செய்வதும் ஆஸ்பத்திரியில் அல்ல, ஒரு ஆய்வுகூடத்தில். உம்மாவைத் திருத்துவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

நோயாளிகளின் இரத்தத்திலிருந்தும் முள்ளந்தண்டு நீரிலிருந்தும் வளர்த்தெடுத்த ஒரு கிருமி சிறு குழாய்களில் எங்களிடம் வரும். அதன் பெயர் நியூமோகொக்கஸ். சின்னப் பிள்ளைகளுக்கு வரும் நிமோனியா, மூளைக்காய்ச்சல், காதுச் சீழ் ஆகியவற்றில் பெரும்பங்கு அதனுடையது. அதில் ஏறத்தாழ நூறு வகை இருக்கின்றன. ஒவ்வொரு வகையும் தன்னைச் சுற்றி ஒரு சர்க்கரைப் போர்வை போர்த்தியிருக்கும். போர்வைக்குப் போர்வை வித்தியாசம். வந்திருப்பது எந்த வகை என்று கண்டுபிடித்து, அதன் எண்ணை அறிவிப்பது என் வேலை.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது குறிஞ்சிப்பிட்டியில் ஒரு சின்னக் கூட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து திரும்பிய பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கதை தொடங்கியது அதற்குச் சில வருடங்களுக்கு முன், இங்கே.

நான் இந்த ஆய்வுகூடத்தில் சேர்ந்து பத்து வருடம் ஆன நாள் அது. கூட வேலை செய்பவர்கள் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். அதை வெட்டுவதற்கு முன் கையில் இருந்த குழாயை முடித்துவிடலாமென்று உட்கார்ந்தேன். இரண்டு வயதுப் பிள்ளை, மூளைக்காய்ச்சல். போட வேண்டிய ஊசி எல்லாம் போட்டிருக்கிறது என்று கூடவே எழுதியிருந்தது. விடை இருபத்துநான்கு எஃப் என்று வந்தது. அந்தப் பிள்ளைக்குப் போட்ட ஊசி பதின்மூன்று வகைகளைத் தடுக்கும். இருபத்துநான்கு எஃப் அந்தப் பதின்மூன்றில் இல்லை.

கேக்கை வெட்டினேன், சாப்பிட்டேன், நன்றி சொன்னேன். என் நினைவு முழுக்கத் தம்பியிடம் இருந்தது.

2

தொண்ணூறாம் ஆண்டில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லாரோடும் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டு, மீன்பிடி வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எனக்கு அப்போது நாலு வயது. தம்பி நிஸ்தார் புத்தளத்து முகாமில், கிடுகுக் கொட்டிலில் பிறந்தவன். வாப்பா உப்பளத்தில் கூலி வேலைக்குப் போனார்.

அவனுக்கு மூன்று வயது இருக்கும்போது காய்ச்சல் வந்தது. முதலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். பிறகு கழுத்தை வளைக்க முடியாமல் கத்தினான். மூளைக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் வைத்திருந்து உயிரோடு திருப்பித் தந்தார்கள். அந்த டொக்டர்மாருக்காக உம்மா இன்றைக்கும் துஆச் செய்கிறார்.

பள்ளிவாசலின் ஒலிபெருக்கி எங்கள் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. தொழுகைக்கான பாங்கு தொடங்கியதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உம்மாவிடம் ஓடுகிற பிள்ளை அவன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அஸர் பாங்கு சொல்லி முடியும்வரை மண்ணில் விளையாடிக்கொண்டே இருந்தான். உம்மாவும் நானும் அவனைப் பார்த்தபடி நின்றோம்.

இது சோகக் கதை அல்ல. செவிப்புலனற்றோர் பாடசாலையில் சைகை மொழியும் எழுத வாசிக்கவும் படித்தான். படகு என்ஜின் திருத்தப் பழகி, கற்பிட்டியில் ஒரு பட்டறை போட்டான். என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்வை வைத்தே எங்கே கோளாறு என்று பிடித்துவிடுவான். உச்சமுனைத் தீவில் என்ஜின் பழுதானால் அவனை ஏற்றிப்போகத் தீவிலிருந்தே படகு அனுப்புகிறார்கள். பக்கத்துக் குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிற ஒரு வீட்டில் பெண் எடுத்தான். பெயர் சிஃபானா. கல்யாணமாகி ஒரு மாதத்துக்குள் அவனுடைய சைகை முழுவதையும் பழகிக்கொண்டாள். எனக்கே தெரியாத சைகைகள் அவர்கள் இருவருக்கும் இடையில் இருக்கின்றன.

3

யுத்தம் முடிந்த பிறகு கல்யாணமாகி நான் இங்கிலாந்துக்கு வந்தேன். இலங்கையில் ஆய்வுகூடப் படிப்பு முடித்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள் என்பதால், இங்கேயும் அதே வேலை கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். பதிவுக்கு விண்ணப்பித்தேன். பிறப்புச் சான்றிதழில் மன்னார், பள்ளிச் சான்றிதழில் புத்தளம், வாக்காளர் இடாப்பில் ஒரு காலம் அது, ஒரு காலம் இது. உங்கள் சொந்த மாவட்டம் எது என்று கேட்டு மூன்று தடவை கடிதம் வந்தது. இரண்டும் என்று மூன்று தடவையும் எழுதினேன். கடைசியில் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

நேர்முகத்தில் நடந்தது அதைவிட மோசம். கிருமிகளை வளர்த்த அனுபவம் எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். ஊரில் என்று சொல்ல நினைத்து, என் அரைகுறை ஆங்கிலத்தில் வீட்டில் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் என்ன வளர்த்தீர்கள் என்று ஒருவர் மெல்லக் கேட்டார். நான் உற்சாகமாகப் பட்டியல் சொன்னேன். சிரித்துக்கொண்டே வேலையைத் தந்தார்கள்.

மார்கரெட் என்ற மூத்த பெண்தான் எனக்கு வகை பார்க்கப் பழக்கினார். கண்ணாடித் தகட்டில் கிருமியை ஒரு துளி வைத்து, அதோடு ஒரு வகைக்குரிய சீரத்தைக் கலந்து, நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். வகை பொருந்தினால் போர்வை தடித்து, கிருமியைச் சுற்றி ஒளிவட்டம்போலத் தெரியும். பொருந்தாவிட்டால் அடுத்த சீரம், அதற்கடுத்தது. இப்போது இயந்திரம் மரபணுவை வாசித்துச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் அந்த வட்டம் முதன்முதல் என் கண்ணில் பட்ட நாளை நான் மறக்கவில்லை.

நடந்த மாற்றத்தையும் மார்கரெட்தான் சொன்னார். முன்பெல்லாம் பிள்ளைகளின் குழாய்கள் தட்டு நிறைய வருமாம். முதலில் வந்த ஊசி ஏழு வகைகளைத் தடுத்தது. இந்தக் கிருமி சுகமாக இருக்கும் பிள்ளைகளின் மூக்கில்தான் குடியிருக்கும். பிள்ளைகள் எல்லாருக்கும் ஊசி போட்டதும் அந்த ஏழுக்கும் இருக்க இடமில்லாமல் போயிற்று. பிள்ளைகளிடமிருந்து தொற்றுகிற வயதானவர்களுக்கும் அவை வராமல் நின்றன. ஆனால் மூக்கு வெறுமையாக இருக்கவில்லை. அதுவரை ஒதுங்கியிருந்த வகைகள் வந்து குடியேறின. அவற்றில் பல சாதுவானவை. பத்தொன்பது ஏ போல ஒன்றிரண்டு பொல்லாதவை. அடுத்த ஊசியில் பத்தொன்பது ஏயையும் வேறு சிலவற்றையும் சேர்த்தார்கள். அவையும் குறைந்தன, வேறு எண்கள் வந்தன. பிள்ளைகளின் குழாய்கள் இப்போது மிகவும் குறைவு. ஆனால் வருகிற கொஞ்சத்தில் பழைய எண்களைக் காண்பது அரிது. வகை பார்க்கிறவர்கள் கண்ணை மூட முடியாததற்கு அதுதான் காரணம். நூலகத்தில் வேலையா என்று என் மகன் ஒருமுறை கேட்டான். நாள் முழுக்க எண் எழுதுகிறேனாம்.

4

மகன் யூசுப் இங்கே பிறந்தவன். வீட்டில் நாங்கள் தமிழில் கதைத்தாலும் அவன் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். உம்மா போனில் கதைத்தால் ஓம், ஓம் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நழுவிவிடுவான். "மாமாவுக்குக் காது இல்லை" என்று ஒருநாள் தமிழில் சொன்னான். காது இருக்கிறது, கேட்காது என்று திருத்தினேன். அவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

பிள்ளைகள் மொழியால் விலகிப் போகிறார்கள் என்று இங்கே கூடுகிற எல்லாப் பெற்றோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் நடந்தது. வீடியோ அழைப்பில் நானும் தம்பியும் கையால் கதைப்பதைப் பார்த்துப் பார்த்து யூசுப் பழகிவிட்டான். ஐந்து வயதில் என் தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்து மாமாவோடு பகிடி விடத் தொடங்கினான். என் உம்மாவோடு இரண்டு வசனம் சேர்ந்தாற்போல் கதைக்க மாட்டாதவன், மாமாவோடு அரை மணித்தியாலம் கிரிக்கெட் கதைப்பான். ஊரில் உள்ள சொந்தங்களில் அவன் தயக்கமில்லாமல் கதைப்பது நிஸ்தாரோடு மட்டும்தான்.

5

கேக் வெட்டிய அந்த வாரம் நிஸ்தாரின் மகள் ஹனாவுக்குச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் அரசாங்கக் கிளினிக்கில் போடுகிற ஊசிகளோடு இந்த ஊசி அப்போது சேர்ந்திருக்கவில்லை. புத்தளம் டவுனில் தனியார் டொக்டரிடம்தான் போட வேண்டும். போடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தம்பியிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது.

"ராத்தா, என்ட காத எடுத்தது எத்தனாம் நம்பர்?"

பத்து வருடமாக யார் யாருடைய பிள்ளைகளுக்கோ நான் எண் சொல்லியிருக்கிறேன். அவனுக்குச் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்தில் அவனை உயிரோடு காப்பாற்றியதே பெரிய காரியம்; யாரும் வகை பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்குப் பிள்ளைகளை அதிகம் தாக்கிய வகைகளில் ஒன்றாக இருக்கலாம், அவை பெரும்பாலும் இந்த ஊசிக்குள் இருக்கின்றன, ஆனால் நிச்சயமாகச் சொல்ல ஒருவராலும் முடியாது என்று எழுதினேன். பிறகு, ஹனாவின் ஊசியில் எத்தனை எண் என்று கேட்டான். பதின்மூன்று என்றேன். மிச்சத்துக்கு என்ன என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதற்கு முன் நான் உம்மாவுக்குப் போன் எடுத்தேன். உம்மா பயந்துவிட்டார்.

"புள்ள, அதெல்லாம் அவங்களுக்கு என்னத்துக்கு? ஊசி போட்டா வருத்தம் வராதுண்டு சொல்லு, போதும். உண்மையச் சொல்லப் போய் சிஃபானா ஊசியே வேணாண்டு விட்டுட்டா என்ன செய்யிற?"

உம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெளிநாட்டில் ஊசி போட்ட பிள்ளைக்கே வருத்தம் வந்ததாம் என்று ஒரு வரி போதும். ஊர் முழுக்க ஓடும். ஆனால் அரைகுறையாகச் சொல்லிவிட்டு, நாளை ஏதாவது ஒன்று நடந்தால் என் தம்பியின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? அவன் கேட்டது நேரான கேள்வி.

மறுநாள் வீடியோவில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். புத்தளம் பஸ்ஸை உதாரணம் சொன்னேன். சண்டைக்காரர் பதின்மூன்று பேரை இறக்கிவிட்டால் அவர்களின் சீட் காலியாக இராது, நின்றவர்கள் உட்காருவார்கள். உட்காருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சண்டைக்காரர்கள் அல்ல, ஆனால் ஒருவர் இருவர் இருப்பார்கள். எந்த நாட்டில் யார் அந்த ஒருவர் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி போட்ட நாடுகளில் இந்த நோயோடு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் வெகுவாகக் குறைந்திருக்கிறார்கள், அது என் கண்ணால் கண்டது என்றேன். இருபத்துநான்கு எஃப் வந்த பிள்ளையைப் பற்றியும் மறைக்கவில்லை.

நிஸ்தார் தலையை மட்டும் ஆட்டினான். சிஃபானா ஹனாவை மடியில் மாற்றிவைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப மதினி, ஊசியும் போடணும். போட்டாலும் காய்ச்சல் கடுமையா வந்தா போட்டதுதானேண்டு இரிக்காம ஓடணும். அப்படித்தானே?"

அப்படித்தான் என்றேன். நான் அவ்வளவு நேரம் சுற்றிவளைத்துச் சொன்னதை அவள் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டாள். அந்த மாதமே டவுனுக்குப் போய் முதல் ஊசியைப் போட்டார்கள். மற்றவற்றையும் தவணை தவறாமல் போட்டார்கள்.

6

ஹனாவுக்கு மூன்று வயது நெருங்கும்போது அது நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. நிஸ்தார் என்ஜின் வேலையாக உச்சமுனைக்குப் போயிருந்தான். சிஃபானா பிள்ளையோடு குறிஞ்சிப்பிட்டியில் தாய்வீட்டில் இருந்தாள்.

முதல்நாள் தொடங்கிய காய்ச்சல் பனடோல் கொடுத்தும் இறங்கவில்லை. காலையில் ஹனா பால் குடிக்க மறுத்தாள். சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது மூச்சுக்கு மூச்சு விலாவின் கீழ்ப்பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சாகச் சொன்னார்களாம்: நிமோனியா ஊசி போட்ட பிள்ளைதானே, இது வெறும் சளி, மாப்பிள்ளை வந்த பிறகு போகலாம். சிஃபானாவின் வாப்பாவும் ஜும்ஆத் தொழுகை முடியட்டும் என்றார்.

எனக்குக் காலை நேரம். யூசுப்பைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது அவளுடைய குரல் செய்தி வந்தது. பின்னால் முச்சக்கரவண்டிச் சத்தம். "மதினி, இவங்க இரிக்கச் சொல்றாங்க. நான் போறன்." அவ்வளவுதான்.

தனியாகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகிற வழியில் கணவனுக்கும் செய்தி போட்டாள். கற்பிட்டியில் பார்த்தவுடன் ஒட்சிசன் வைத்து அம்புலன்ஸில் புத்தளத்துக்கு அனுப்பினார்கள். படம் எடுத்ததில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக அடைத்திருந்தது. இரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். நிஸ்தார் தீவிலிருந்து படகில் வந்து, கையில் எண்ணெய்க் கறையோடே வார்டுக்குள் போயிருக்கிறான்.

அன்று நான் வேலைக்குப் போனேன், ஆனால் ஒரு குழாயையும் தொடவில்லை. மார்கரெட்டின் இடத்தில் இப்போது இருக்கும் பெண் என்னை ஒரு கதிரையில் உட்காரவைத்து, போனைப் பார்த்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது யூசுப் என் முகத்தைப் பார்த்து விஷயம் விளங்கிக்கொண்டான். போனை வாங்கி மாமாவை அழைத்தான். வார்டின் ஓரத்தில் நின்றுகொண்டு என் தம்பி கையால் சொன்னதையெல்லாம் எனக்கு முன்பாகவே அவன் வாசித்துவிட்டான். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்திருந்தது. அவன்தான் சொன்னான், தமிழில்: "உம்மா, மூச்சு இப்ப மெதுவாம். தூங்குறாவாம்."

ஹனா ஒரு வாரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தாள். இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று டொக்டர் சிஃபானாவிடம் சொன்னாராம். இரத்தத்தில் நியூமோகொக்கஸ் வளர்ந்திருந்தது. நிஸ்தார் ஒரு கடதாசித் துண்டில், இது எந்த வகை என்று எழுதி அந்த டொக்டரிடம் நீட்டியிருக்கிறான். இதை ஒரு தகப்பன் கேட்டு நான் கண்டதில்லை என்று சொல்லி, அவர் கொழும்புக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். கொஞ்சக் காலம் கழித்து விடை வந்தது. முப்பத்தைந்து பி. ஹனாவுக்குப் போட்ட ஊசியில் அது இல்லை.

அந்த எண்ணைத் தம்பி எனக்கு அனுப்பியபோது எனக்குப் பயமோ துக்கமோ வரவில்லை. பெருமைதான் வந்தது. புத்தளத்தில் ஒரு பிள்ளையின் கிருமிக்கு வகை பார்க்க முடிகிறது என்ற பெருமை. எங்கள் கரையில் இப்போது எந்த வகை உலாவுகிறது என்று தெரிந்தால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு எந்த ஊசி பொருந்தும் என்று சொல்லலாம். இங்கிலாந்தின் எண்கள் இங்கிலாந்துக்கு. எங்கள் எண்களை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

7

சென்ற விடுமுறையில் யூசுப்போடு ஊருக்குப் போனேன். விமான நிலையத்தில் என் இங்கிலாந்துக் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி சிங்களத்தில் கேட்டதற்கு நான் தமிழில் பதில் சொல்ல, அவர் ஆங்கிலத்தில் வரவேற்றார். கற்பிட்டியில் யூசுப் நாள் முழுக்க மாமாவின் பட்டறையிலேயே கிடந்தான்.

குறிஞ்சிப்பிட்டிக் கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் தாய்மாருக்காக இந்த ஊசி பற்றி ஒரு கூட்டம் வைத்திருந்தார். வெளிநாட்டில் இந்தக் கிருமி பார்க்கிற வேலை செய்கிறவர் வந்திருக்கிறார், வந்து கதையுங்கள் என்று என்னைக் கேட்டார். சிஃபானாவைக் கதைக்கச் சொல்லுங்கள் என்றேன். பணிவால் சொன்னதல்ல அது. ஓடியவள் அவள்தானே.

சிஃபானா முதலில் வெட்கப்பட்டாள். பிறகு எழுந்து நின்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். வீட்டில் இருந்தவர்கள் தடுத்ததைச் சொல்லும்போது, முன்வரிசையில் இருந்த தன் தாயைப் பார்க்காமலே சொன்னாள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள், ஊசி போட்டும் வந்ததென்றால் பிறகு என்னத்துக்கு அந்த ஊசி என்று. கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஊசி போட்டதால பதின்மூணு வகை என்ட புள்ளையக் கிட்ட நெருங்க ஏலாமப் போன. வந்தது ஒண்டு. அந்த ஒண்டும் வரலாமெண்டு எனக்கு முதலே தெரியும், அதால ஓடினன். எங்கட அவருக்கு அந்தக் காலத்தில ஊசியும் இல்ல, சொல்லித் தர ஆளும் இல்ல."

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண், டவுனில் எந்த டொக்டரிடம் போட்டீர்கள் என்று சிஃபானாவிடம் விசாரித்துக்கொண்டு நின்றாள். மிட்வைஃப் மிஸ் வாசலில் நின்ற நிஸ்தாரைப் பார்த்துக் கையசைத்தார். அவன் கைதட்டிக்கொண்டிருந்தான், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

நானும் உம்மாவும் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தோம். பக்கத்தில் இருந்த ஒரு வயதான பெண், கதைத்தது யார் என்று உம்மாவைக் கேட்டார். உம்மா சால்வையைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். லண்டனிலிருந்து வந்த மகள் பக்கத்திலேயே இருக்கிறேன். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது என்ட மருமகள்."